ஜமாலின் வெள்ளித் தண்ணீரும் என் தொட்டியும்

முதலில் ஜமாலைத்தான் கேட்டார்களாம். அவன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறானாம், திரும்ப நாளாகுமாம், அதனால் என்னிடம் வந்தார்கள். மில்லின் ஆண்டு மலருக்கு ‘நானோ தொழில்நுட்பம்: நன்மையா, தீமையா?’ என்று ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று திவ்யா போன் செய்தாள். வேலையில் நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் பெண் அவள். நல்ல பிள்ளைதான், ஆனால் மனதில் உள்ளதை அப்படியே கொட்டிவிடுவாள்.

“ஜமால் சார்தான் சார் இத நம்ம மில்லுக்குக் கொண்டாந்தாராம். அவரு எழுதுனா நல்லாருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. அவரு ஊர்ல இல்ல. அப்ப நீங்களும் கூட இருந்தீங்களாமே?”

கூட இருந்தேனாம். கல்யாண வீட்டில் பந்தக்கால் பிடித்தவனைச் சொல்வதுபோலச் சொன்னாள். சரி, எழுதுகிறேன் என்றேன். ஜமால் எழுதியிருந்தால் அவன் பெயரே அதில் வராது. தன்னடக்கத்திலும் அவன் பேர் வாங்கிக்கொள்வான். நான் எழுதுவதால் பத்திக்குப் பத்தி அவன் வரத்தான் செய்வான். என்ன செய்ய, என் தலையெழுத்து அப்படி.

நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவரும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. நான் பேரையூர்ப் பக்கத்தில் காடு உழுகிற சம்சாரி வீட்டுப் பையன். அவன் மதுரை டவுனுக்குள் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். விளாங்குடி தாண்டித் திண்டுக்கல் சாலையில் உள்ளடங்கி இருந்த எங்கள் மில், துணிக்குச் சாயம் ஏற்றிப் பதப்படுத்தித் தரும் மில். நேர்முகத் தேர்வில் ஜி.எம். ரங்கராஜன் ஆளுக்கொரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, “என்ன தெரியுது?” என்றார். ஜமால் பிறந்ததிலிருந்து துணியில் புரண்டவன், நூல் எண்ணிக்கை வரை சொன்னான். எனக்குப் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அவனைக் குளிர்சாதனம் போட்ட லேபுக்கு அனுப்பினார்கள். என்னைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிக்கு அனுப்பினார்கள். பயிற்சிக் காலம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் கோட்டில் சாயக்கறை, என் செருப்பில் சகதி, அம்புட்டுத்தான்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அது தெரியாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. சாயத் தண்ணீரை முதலில் வாய்க்கால் வழியே ஒரு பெரிய குழியில் சேர்ப்போம். அங்கிருந்து அடியில் காற்று ஊதிக்கொண்டே இருக்கும் பெரிய கான்கிரீட் தொட்டிக்கு அது போகும். அந்தத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அழுக்கைத் தின்பது அவைதான். மருந்து போட்டுச் சுத்தம் செய்கிறோம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் நாங்கள் மாடு வளர்ப்பதுபோலக் கிருமி வளர்க்கிறோம். சாணியைக் கரைத்து ஊற்றி, வெல்லம் போட்டு, காற்றுக் கொடுத்து, நாலைந்து வாரம் காத்திருந்தால்தான் ஒரு தொட்டி உயிர் பெறும். உயிர் பெற்ற தொட்டி நாறாது. புதுமழை விழுந்த கரிசல் காடு போல மணக்கும்.

காலையில் போனதும் தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துக் கட்டைச் சுவரில் வைப்பேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சகதி அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்க வேண்டும். பிறகு ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். காம்பு நுனியில் மணியைக் கவிழ்த்தது போன்ற ஒரு உயிர் அதில் உண்டு, மணிப் பூச்சி என்று நான் பெயர் வைத்திருந்தேன். அது சுருங்கி விரிந்து ஆடிக்கொண்டிருந்தால் தொட்டி நலம். தெளிந்த தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துச் சீனியம்மாளின் மாட்டுப் புல்லுக்குப் போகும். இத்தனை வருஷம் அந்தப் புல்லைத் தின்ற ஒரு மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக யாரும் எனக்கு மாலை போட்டதில்லை. தொட்டி ஒழுங்காக இருக்கும்வரை தொட்டிக்காரன் ஞாபகம் ஒருவருக்கும் வராது.

ரங்கராஜன் சாருக்கு ஒரு பழக்கம். எல்லோரையும் பிரிவின் பெயரால்தான் கூப்பிடுவார். “ஏய் பாய்லர்”, “வாங்க ஸ்டோர்ஸ்” என்பார். நான் ‘டேங்க்’. என் பெயர் பெருமாள் என்பது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ஒருவனை மட்டும் ஜமால் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் திட்டு கேட்கும். சந்தோஷம் வந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காய் எடுத்துக் கொடுப்பார். ஜமால் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பான்.

அப்படி இருக்கும்போதுதான் அவன் நானோ வெள்ளியைக் கொண்டுவந்தான். அச்சு வெல்லம் கரைய நேரமாகும், அதையே தூளாக்கினால் உடனே கரைந்துவிடும் இல்லையா? அதுபோல வெள்ளியைக் கண்ணுக்கே எட்டாத அளவுக்கு நொறுக்கிவிட்டால் அதன் குணம் பல மடங்கு கூடிவிடும். வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. அந்தக் கரைசலில் துணியை முக்கி எடுத்தால் வேர்வை நாற்றம் தங்காது. பார்க்க அது டிக்காஷன் நிறத்தில் இருந்தது. பினிஷிங் பிரிவுக் கருப்பசாமி, “வெள்ளின்னாங்க, காப்பித்தண்ணி கணக்கா இருக்கு” என்றான். அன்றிலிருந்து மில் முழுக்க அதற்கு வெள்ளித் தண்ணி என்றே பெயர்.

செய்து காட்டியவிதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பனியனின் இடப்பாதியை மட்டும் வெள்ளித் தண்ணியில் முக்கிக் காயவைத்து, கருப்பசாமிக்குப் போட்டுவிட்டு மூட்டை தூக்கச் சொன்னான். சாயங்காலம் ஜி.எம். முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். ஜி.எம். குனிந்து இடது அக்குளை மோந்தார், தலையாட்டினார். வலது பக்கம் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். கருப்பசாமி கூச்சத்தில் நெளிந்தான். அறையே சிரித்தது, கைதட்டியது. ஜமாலுக்கு ஏலக்காய், கருப்பசாமிக்கு ஏலக்காய். கருப்பசாமி அதை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்பதுபோல ஜி.எம். என்னைப் பார்த்தார்.

நானும் சும்மா நிற்கவில்லை. கிருமியைக் கொல்லும் சரக்கு என்றால் என் தொட்டி என்ன ஆகும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஜமாலே சொல்லிவிட்டான்.

“சார், ஒண்ணு சொல்லணும். இது கெட்ட கிருமி நல்ல கிருமின்னு பார்க்காது. வேலை முடிஞ்சு மிசின்ல நிக்கிற மிச்சத்த வழக்கம்போல வாய்க்கால்ல விட்டுறக் கூடாது. தனியா ட்ரம்முல பிடிச்சு வச்சிருவோம். இல்லன்னா பெருமாளோட டேங்க் செத்துப் போயிரும்.”

எனக்கென்று இருந்த ஒரே கேள்வியையும் அவனே கேட்டுப் பதிலும் சொல்லி முடித்துவிட்டான். எவ்வளவு பொறுப்பான ஆள் பாருங்கள் என்பதுபோல ஜி.எம். எல்லோரையும் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புக்குத்தான் முதல் ஆர்டர். அந்தச் சமயம் என் அம்மா பேரையூரில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். முதுகில் புண், அதில் சீழ். அறைக்குள் போனால் என் மனைவிக்கே குமட்டும், ஆனாலும் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டாள். ஜமால் காதுக்கு இது எப்படியோ எட்டி, தறி ஓட்டம் சரியில்லை என்று ஒதுக்கிய விரிப்புகள் இரண்டை அனுமதி வாங்கிக் கொடுத்தனுப்பினான். புண் ஆறியது விரிப்பினால் என்று நான் சொல்ல மாட்டேன், மருந்தும் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அறையில் நாற்றம் அடங்கியது. பேரப்பிள்ளைகள் மறுபடி அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். அம்மா அழுதுவிட்டாள்.

“அந்தத் தம்பி நல்லாருக்கணும்டா. பெத்த பிள்ள கணக்கா நெனச்சுச் செஞ்சிருக்கு.”

பெற்ற பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மாசாமாசம் மருந்து வாங்கிக் கொடுத்தவன் நான். என் அம்மா வாயில் கூட அவன் பேர்தான். அந்த விரிப்பை நான் மனதாரப் பாராட்டியதும் அன்றுதான், மனதார வெறுத்ததும் அன்றுதான்.

விரிப்புக்குப் பிறகு காலுறை ஆர்டர் வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் பெரிய ஆர்டர். ட்ரம்கள் பெருகி, பினிஷிங் கொட்டகையின் பின்சுவர் ஓரம் வரிசைகட்டி நின்றன. அதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது.

ஆயுதபூஜை என்றால் மில்லில் ஒரு பொருளை விடமாட்டார்கள். மெஷின், தராசு, தள்ளுவண்டி, சைக்கிள் வரை கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அழுக்கோடு ஒரு வாளி நின்றாலும் குற்றம். கருப்பசாமியும் ஆட்களும் எல்லாவற்றையும் கழுவிவிட்டுக் கடைசியில் ட்ரம்களுக்கு வந்தார்கள். சரக்கு உள்ளே இருக்க எப்படிக் கழுவுவது? முதலாளி குடும்பம் பூஜைக்கு வரும் நேரம், வாய்க்கால் வேறு நாறிக்கொண்டிருந்தது. வெள்ளித் தண்ணிதான் நாற்றத்தை எடுக்குமே! மொத்த ட்ரம்மையும் வாய்க்காலில் சாய்த்தார்கள். ட்ரம்களைத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தார்கள். வாய்க்கால் நாற்றம் உண்மையிலேயே நின்றுபோனது. முதலாளியம்மா, “இந்த வருஷம் எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கீங்க” என்று கருப்பசாமிக்கு வேட்டி சட்டை கொடுத்தாராம்.

விடுமுறை முடிந்து தொட்டிப் பக்கம் வந்தேன். மண்வாசம் இல்லை. தொட்டிமேல் சோப்பு நுரை போல வெள்ளை நுரை. ஜாடியில் பிடித்து வைத்து, டீ குடித்து, திரும்பி வந்து பார்த்தேன். சகதி படியவே இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கல். மைக்ராஸ்கோப்பில் மணிகள் காம்பிலிருந்து உதிர்ந்து அசையாமல் கிடந்தன. முதல் வேலையாகச் சீனியம்மாள் தோட்டத்துக்குப் போகும் வால்வை மூடினேன். கொட்டகைச் சுவரோரம் பொட்டோடு நின்ற காலி ட்ரம்களைப் பார்த்ததும் காரணம் விளங்கியது.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். இத்தனை வருஷம் வளர்த்த தொட்டி செத்துக் கிடக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. அதே நேரம் அடிவயிற்றில் ஒரு குளிர்ச்சி. மாட்டினான்டா ஜமால்! அவன் சரக்குதானே கொன்றது? ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், ஜி.எம். அறைக்கு நடந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

ட்ரம்கள் காலியான சேதி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது, எல்லாப் பிரிவுக்காரர்களும் கூடியிருந்தார்கள். கருப்பசாமி மூலையில் ஒதுங்கி நின்றிருந்தான். ஜி.எம். குரல் இறங்கிக் கிடந்தது.

“மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிங்க வந்தா மில்லையே மூடிருவாங்க. யார் பண்ணுன வேலை இது?”

நான் வாயைத் திறந்தேன். ஜமால் எழுந்து வந்து என் கையிலிருந்த ஜாடியை வாங்கி மேஜையில் வைத்தான்.

“இந்த ஜாடியப் பாருங்க சார். நேத்து வரைக்கும் இது உசுரு. இன்னிக்கு வெறும் சாக்கடை. கருப்பசாமி மேல தப்பில்ல. ட்ரம்முல இருக்கிறது என்னன்னு நான் ஆளுங்களுக்கு வெளங்கச் சொல்லல. நாத்தம் போக்கும்னு மட்டும் சொன்னேன், அவரு நம்பிட்டாரு. நிறுத்திருவோம் சார். இனிமே ஒரு மீட்டர் ஓட்ட வேணாம்.”

“ஆர்டர்?” என்றார் ஜி.எம்.

“சாக்ஸ் ஆர்டர விட்டுருங்க சார். கட்டில்ல கெடக்கிற நோயாளிக்கு விரிப்பு வேணும்னா அந்த வெள்ளிக்கு ஒரு அர்த்தம் இருக்கு. கால் நாறாம இருக்க எதுக்கு சார்? நான் லேபுல துவைச்சுத் துவைச்சுப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒவ்வொரு துவைப்புக்கும் வெள்ளி கழண்டு வருது. ஆஸ்பத்திரித் துணிய ஒரே எடத்துல துவைப்பாங்க, அந்தத் தண்ணியப் பிடிச்சுரலாம். சாக்ஸ வீட்டுக்கு வீடு துவைப்பாங்க. அந்தத் தண்ணி எந்த ஊரு ஆத்துக்குப் போகும், அங்க எதக் கொல்லும்னு நமக்குத் தெரியாது. தெரியாதத விக்கக் கூடாது சார்.”

நான் சொல்ல வந்தது அதுதான். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். என் ஜாடியை வைத்தே சொல்லிவிட்டான். முதலில் ஸ்டோர்ஸ்காரர் கைதட்டினார், பாய்லர்காரர் தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். ஜி.எம். கண் கலங்கி ஏலக்காயை எடுத்து நீட்டினார். கொண்டுவந்ததற்கும் அவனுக்குக் கைதட்டல், நிறுத்தியதற்கும் அவனுக்கே கைதட்டல். வெறுங்கையோடு நான் நின்றேன்.

தொட்டியை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. செத்த சகதியை வெளியேற்றித் தனியாகக் கட்டி ஒதுக்கினோம். வேறொரு மில்லிலிருந்து உயிருள்ள சகதி லாரியில் வந்தது. சாணிக்குச் சீனியம்மாளிடம் போனேன். புல் வாடியதில் அந்த அம்மாள் கொதித்துப்போய் இருந்தார்.

“தண்ணிய நிறுத்திப்புட்டுச் சாணி கேட்டு வாரீகளா? மாடு புல்லுத் தின்னாத்தானய்யா சாணி போடும்!”

என் பின்னாலேயே வந்த ஜமால், “அக்கா, தப்பு என்னோடது. புல்லு வெளிய வாங்கித் தர்றது என் பொறுப்பு” என்றான். அந்த அம்மாள் குளிர்ந்துபோய் அவனுக்கு மட்டும் மோர் கொடுத்தார். பிறகு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவனே சாணிக் கூடை சுமந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சாணியில்தான் நிற்கிறேன், ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை. அவன் நாலு கூடை தூக்கியதை மில்லே வந்து வேடிக்கை பார்த்தது. ‘ஜமால் சார் சாணி சுமந்த கதை’ இன்றைக்கும் கேண்டீனில் ஓடுகிறது என்று திவ்யாவே சொன்னாள்.

மெல்ல மண்வாசம் திரும்பியது. ஜாடி தெளிந்தது. ஜமால் அதற்குள் வெள்ளி எளிதில் கழன்று வராதபடி துணியோடு பிணைக்க ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் விரிப்புக் கேட்டு நெருக்கினார்கள், சாக்ஸ்காரரும் விடவில்லை. மறுபடி கூட்டம்.

“நான் செஞ்சத நானே நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது சார்” என்றான் ஜமால். “பெருமாள் பார்க்கட்டும். அவன் ஓட்டலாம்னு சொன்னாத்தான் மிசின் ஓடணும்.”

ஜி.எம். தயங்கினார். “டேங்க்கா? அவருக்கு உங்களக் கண்டாலே ஆகாதேப்பா.”

அறை கொல்லென்று சிரித்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! நிலம் பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஜமால் மட்டும் சிரிக்கவில்லை.

“அதனாலதான் சார் சொல்றேன். எனக்கு வேண்டியவங்க பார்த்தா தப்பு கண்ணுல படாது. இவன் தேடுவான் சார். விடிய விடியத் தேடுவான்.”

தேடினேன். தொட்டிச் சகதியை வாளி வாளியாகப் பிரித்து வைத்தேன். ஒரு வாளிக்கு வெறும் தண்ணீர், ஒரு வாளிக்கு சாக்ஸ் துவைத்த தண்ணீர், ஒரு வாளிக்கு விரிப்புத் துவைத்த தண்ணீர். எல்லாவற்றுக்கும் காற்றும் வெல்லமும் ஒரே அளவு. சாக்ஸ் வாளி சீக்கிரமே கலங்கி மணிகள் உதிர்ந்தன. அந்த நூலில் பிணைப்பு பிடிக்கவில்லை. ஓட்டக் கூடாது என்று போய்ச் சொன்னேன். சாக்ஸ் ஆர்டர் போனது. அவன் முகம் வாடும் என்று காத்திருந்தேன். “நல்லவேளை மாப்ள, இல்லன்னா பெரிய பாவமாயிருக்கும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சந்தோஷமும் எனக்கு மிஞ்சவில்லை.

நானோ நல்லதா கெட்டதா என்று திவ்யா கேட்கிறாள். திவ்யாம்மா, எந்தத் துணிக்கு, யாருக்கு, துவைத்த தண்ணீர் எங்கே போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்காமல் அதற்குப் பதில் கிடையாது. அப்படிக் கேட்பவன், அதைச் செய்தவனுக்கு நண்பனாக இல்லாமல் இருந்தால் நல்லது.

மிச்சம் இருந்தது விரிப்பு வாளி. அதே வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா, பழைய விரிப்பு நைந்துவிட்டது, அந்தத் தம்பியிடம் இன்னொன்று கேளடா என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன். வந்ததும் துவைத்த தண்ணீரை அந்த வாளிக்கு இரண்டு மடங்காக ஊற்றினேன். அப்படி ஊற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஜாடி தெளிந்தது. இன்னும் ஊற்றினேன். அப்போதும் தெளிந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து சொட்டுச் சொட்டாகப் பார்த்தேன், கழுத்து வலித்தது. உதிர்ந்த மணி ஒன்று கிடைத்தால் போதும், ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடலாம். எல்லா மணிகளும் ஆடிக்கொண்டிருந்தன. என் தொட்டி உயிர்கள் இவ்வளவு நலமாக இருப்பதைப் பார்த்து நான் துக்கப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

பினிஷிங்கிலிருந்து போன் வந்தது. ஜமால்தான்.

“என்ன மாப்ள, ஏதாச்சும் கெடைச்சதா?”

“இல்ல.”

“நல்லாத் தேடுனியா?”

“தேடுனேன்டா.”

“உன்னால முடிஞ்ச மட்டும்?”

“என்னால முடிஞ்சதுக்கு மேலயே.”

“அப்ப ஓட்டவா?” என்றான்.

“ஓட்டு” என்றேன். வயிறு எரிய எரியத்தான் சொன்னேன்.